ஆபரேஷன்ஸில் சேர்ந்தால் ஃப்ரெய்ட் டிரேடர் ஆக முடியுமா?

மெக்கானிக்கல் முடித்துவிட்டு சென்னையில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கன்டெய்னர் டாக்குமென்டேஷன் பார்க்கிறீர்கள். மும்பையில் ஒரு டிரை பல்க் கம்பெனி ஆபரேஷன்ஸ் வேலைக்கு, அதாவது கப்பலின் பயணத்தை நாள்தோறும் நடத்தும் வேலைக்கு, கூப்பிட்டிருக்கிறது, சம்பளம் பெரிதாகக் கூடவில்லை. கடலுக்குப் போகாதவனுக்கு இந்தத் துறையில் இடம் உண்டா, கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்கலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது பதிவின் கடைசி வரியில் இருக்கிறது: ஃப்ரெய்ட் டிரேடிங்தான் ஆசை, ஆனால் ஆபரேஷன்ஸில் நுழைந்தால் அங்கேயே முடங்கிவிடுவோமோ? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் விடை இதற்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் டிரை பல்க் பக்கம், அதாவது நிலக்கரி, இரும்புத் தாது, தானியம், உரம் ஏற்றும் கப்பல்களின் வியாபாரத்தில் இருக்கிறேன். ஆபரேஷன்ஸில் தொடங்கி சார்ட்டரிங் மேசைக்கு (கப்பலுக்கும் சரக்குக்கும் விலை பேசும் இடம்) வந்தவன். டேங்கரிலோ கன்டெய்னர் லைனிலோ நான் வேலை பார்த்ததில்லை. அங்கே ஒப்பந்தங்களும் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையும் வேறு, ஆகவே நான் சொல்வதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம்.

கடல் அனுபவம் வேண்டுமா என்பதற்கு உறுதியான பதில் உண்டு: வேண்டாம். கப்பலின் தொழில்நுட்ப நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு ஆய்வுக்கும் மாஸ்டராகவோ சீஃப் இன்ஜினியராகவோ இருந்தவர்கள் தேவை. கமர்ஷியல் ஆபரேஷன்ஸுக்கு அந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. கடலில் இருந்து வந்தவருக்கு ஒரு சாதகம் இருப்பது நிஜம்தான். கேப்டன் ஃபோனில் 'ஹோல்டு (சரக்கு அறை) சுத்தமாக இல்லை, மறுபடி கழுவ வேண்டும்' என்றால் அவர் எத்தனை மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று இவருக்கு உடனே தெரியும். நமக்கு அதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம், ஃப்ரெய்ட் டிரேடிங் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். உங்கள் பதிவைப் பார்த்தால் திரையில் எண்களைப் பார்த்து வாங்கி விற்கும் வேலை என்று நினைப்பது போலத் தெரிகிறது. அது ஒரு பகுதி மட்டுமே. நாமக்கல்லில் ஒருவர் சொந்த லாரி இல்லாமல், மாத வாடகைக்கு லாரி எடுத்து, சிமென்ட் கம்பெனியிடம் டன்னுக்கு இவ்வளவு என்று நடை பேசுகிறார் என்று வையுங்கள். டீசல், சுங்கம் எல்லாம் அவர் தலையில். வாடகைக்கும் நடைக்கூலிக்கும் நடுவில் மிஞ்சுவது அவர் லாபம். கடலில் இதையே டைம் சார்ட்டரில் (நாள் வாடகைக்கு) கப்பல் எடுத்து வோயேஜ் சார்ட்டரில் (ஒரு பயணத்துக்குக் கூலி பேசி) சரக்கு ஏற்றுவது என்கிறோம். கோபன்ஹேகனைச் சேர்ந்த நார்டன், ஜெனீவாவில் கடல் போக்குவரத்துப் பிரிவை வைத்திருக்கும் கார்கில் போன்றவை பெரும்பாலும் அடுத்தவர் கப்பலை எடுத்தே இதைச் செய்கின்றன.

கையில் கப்பல் இருந்து சரக்கு இல்லையென்றால் 'லாங்'. ஒரு மின் நிலையத்துக்கு வருடம் பத்து கப்பல் நிலக்கரி கொண்டுவர விலை பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கப்பல் எடுக்காமல் இருந்தால் 'ஷார்ட்'. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று பார்த்து இந்த இரண்டையும் கூட்டிக் குறைப்பதுதான் டிரேடரின் வேலை. அந்த ஆபத்தைத் தாள் மேலேயே குறைத்துக்கொள்ள எஃப்.எஃப்.ஏ. எனும் முன்பேர ஒப்பந்தங்கள் உண்டு. லண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் வெளியிடும் விகிதங்களின் சராசரியை வைத்து, பணமாகவே தீர்த்துக்கொள்வார்கள், கப்பல் எதுவும் நகராது. பால்டிக் எக்ஸ்சேஞ்சை 2016இல் சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்ச் வாங்கிவிட்டது. இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம் போதும்: டிரை பல்க் கப்பல் விகிதங்களின் குறியீடான பால்டிக் டிரை இண்டெக்ஸ் 2008 மே மாதம் 11,793 வரை போனது, அதே வருடம் டிசம்பரில் 663க்கு இறங்கியது. உச்சத்தில் நீண்ட காலத்துக்குக் கப்பல் வாடகைக்கு எடுத்தவர்கள் பலர் வாடகை கட்ட முடியாமல் விழுந்தார்கள். அவர்களை நம்பி அதே கப்பலை மேல்வாடகைக்கு விட்டிருந்தவர்களும் சேர்ந்து விழுந்தார்கள்.

இப்போது ஆபரேஷன்ஸ் எங்கே வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், இன்றைய சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சுப்ராமேக்ஸ் (நடுத்தர அளவு பல்க்) கப்பல் சென்னைப் பக்கத்திலிருந்து காலியாகப் போய், இந்தோனேசியாவின் சமரிண்டாவில் 55,000 டன் நிலக்கரி ஏற்றி, எண்ணூருக்கு வருகிறது. டன்னுக்கு 14 டாலர் என்றால் வரவு 7,70,000. தரகு 3.75 சதவீதம், ஏறக்குறைய 29,000. போகவும் வரவும் ஒன்பது ஒன்பது நாளாகக் கடலில் 18 நாள், ஏற்றி இறக்கத் துறைமுகத்தில் 12 நாள், ஆக 30 நாள். எரிபொருள் சுமார் 500 டன், டன் 600 டாலர் வீதம் 3,00,000. இரண்டு துறைமுகச் செலவும் சேர்த்து 1,10,000. எல்லாம் கழித்தால் மிச்சம் சுமார் 3,31,000. முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 11,000 டாலர். இதைத்தான் டி.சி.இ., அதாவது டைம் சார்ட்டருக்கு ஈடான நாள் வருமானம், என்பார்கள். கப்பலின் நாள் வாடகை 10,000 என்றால் டிரேடர் நாளுக்கு ஆயிரம் சம்பாதித்துவிட்டார் என்று எஸ்டிமேட் ஷீட் சொல்லும்.

சரி, எண்ணூரில் பெர்த் (சரக்கு இறக்கும் தளம்) கிடைக்காமல் ஐந்து நாள் நங்கூரத்தில் நிற்கிறது என்று வைப்போம். நாள் 35 ஆகிறது, எரிபொருள் ஒரு 12,000 கூடுகிறது, டி.சி.இ. 9,100க்கு வந்துவிடும். லாபம் நஷ்டமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் டெமரேஜ் நாளுக்கு 12,000 என்று இருந்து, அந்த ஐந்து நாளும் முழுதாகக் கிடைத்தால் 60,000 வரவு, டி.சி.இ. மறுபடி 10,800க்கு ஏறும். (நீங்கள் கன்டெய்னரில் பார்க்கும் டெமரேஜ் வேறு, இது வேறு. இங்கே சரக்குக்காரர் அனுமதித்த நேரத்துக்கு மேல் கப்பலைக் காக்க வைத்ததற்குத் தரும் ஈடு.) டிரேடர் சரக்குப் பேசியபோது இந்த ஐந்து நாள் யாருக்கும் தெரியாது. அந்த 60,000 வருமா வராதா என்பது ஆபரேட்டர் கையில் இருக்கிறது.

எப்படி என்றால், லேடைம், அதாவது ஏற்றி இறக்க அனுமதித்த நேரம், ஓடத் தொடங்க முதலில் கேப்டன் நோட்டீஸ் ஆஃப் ரெடினஸ் (கப்பல் தயார் என்ற அறிவிப்பு) கொடுக்க வேண்டும். என்.ஓ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வோம். அதைச் சரியான இடத்தில், சரியான நேரத்தில், கப்பல் நிஜமாகவே தயாராக இருக்கும்போது கொடுக்க வேண்டும். துறைமுக எல்லைக்கு வெளியே நின்று கொடுத்தால், ஒப்பந்தத்தில் அதற்கு இடம் இல்லாதபட்சத்தில், அந்த நோட்டீஸ் செல்லாது என்று சரக்குக்காரரின் வக்கீல் எழுதுவார். தப்பாகக் கொடுத்த நோட்டீஸ் பின்னால் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. அதனால் விவரம் தெரிந்த ஆபரேட்டர், சந்தேகம் இருந்தால் 'முந்தைய நோட்டீஸின் உரிமை பாதிக்காமல்' என்று எழுதி இன்னொன்றையும் கொடுக்கச் சொல்லி கேப்டனுக்கு மெயில் போட்டுவிடுவார். ஏஜென்ட் அனுப்பும் ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸில் (துறைமுகத்தில் நடந்தவற்றின் நேரப் பதிவு) மழைக்காக எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வேலை நின்றது, கிரேன் பழுது யாருடையது என்பதையெல்லாம் வரி வரியாகப் பார்ப்பார். அரை நாள் மழை என்று ஏஜென்ட் பொத்தாம்பொதுவாக எழுதினால், கப்பலின் டெக் லாக்கில் அது இரண்டு மணி நேரம்தான் என்று காட்டிச் சண்டை போடுவார். ஃப்ரெய்ட் டிரேடரின் போனஸ் இந்த மாதிரிச் சண்டைகளில் இருந்துதான் வருகிறது, பல டிரேடர்கள் அதை ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

பில் ஆஃப் லேடிங் (சரக்குக்கான கப்பல் ரசீது) உங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் பல்க்கில் அதன் கனம் வேறு. ஒரே தாளுக்குப் பின்னால் 55,000 டன் சரக்கு. சரக்கு ஈரமாக, நிறம் மாறி வந்தால் மேட்ஸ் ரிசீப்டில் (சரக்கு ஏறியதும் கப்பல் அதிகாரி தரும் ரசீது) குறிப்பு எழுத வேண்டும், ஆனால் விற்பவருக்கு வங்கியில் பணம் வாங்க அப்படிக் குறிப்பு இல்லாத சுத்தமான பில் வேண்டும். இரண்டு பக்கமும் அழுத்தம் ஆபரேட்டருக்கு வரும். அதேபோல் ஒரிஜினல் பில் வந்து சேர்வதற்கு முன் கப்பல் வந்துவிடும், ஈட்டுறுதிக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு சரக்கை இறக்கச் சொல்வார்கள். தப்பான ஆளிடம் சரக்கு போய்விட்டால் பி அண்ட் ஐ கிளப்பின் (கப்பல்காரர்களின் பரஸ்பரக் காப்பீட்டு அமைப்பு) சாதாரணக் காப்பீடு அதற்கு உதவாது. அந்தக் கடிதத்தின் வாசகத்தை யார் படித்தார்கள், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது பிறகு பெரிய விஷயமாகும்.

கப்பலைத் திருப்பிக் கொடுக்கும் தேதிக்கும் இதே மதிப்பு உண்டு. 'அக்கிலியாஸ்' என்ற கப்பலின் வழக்கு ஷிப்பிங் படிக்கிற எல்லோரும் படிப்பது. 2004 மே 2க்குள் திருப்பித் தந்திருக்க வேண்டிய கப்பல் 11ஆம் தேதிதான் வந்தது. உரிமையாளர் அடுத்த வாடகையை நாளுக்கு 39,500 டாலருக்குப் பேசி வைத்திருந்தார். இடையில் சந்தை விழுந்துவிட, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள அடுத்தவர் வாடகையை 31,500க்குக் குறைத்துவிட்டார். அந்த ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான இழப்பாக உரிமையாளர் 13 லட்சம் டாலருக்கு மேல் கேட்டார். 2008இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை, தாமதமான நாட்களுக்குரிய வித்தியாசம் மட்டும்தான், சுமார் 1,58,000 டாலர், என்று தீர்ப்புச் சொன்னது. கடைசி வோயேஜ் எத்தனை நாளில் முடியும் என்று ஆபரேட்டர் தரும் தேதியை வைத்துத்தான் டிரேடர் அந்தச் சரக்கை ஏற்கலாமா என்று முடிவு செய்கிறார். அவர் சொல்லும் ஒரு தேதிக்குப் பின்னால் எவ்வளவு பணம் நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆபரேஷன்ஸில் முடங்கிப்போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் முடங்கியது ஆபரேஷன்ஸ் என்ற வேலையால் அல்ல, வேலையை எப்படிக் கூறு போட்டிருந்தார்கள் என்பதால். சில கம்பெனிகளில் ஒரு ஆபரேட்டர் ஒரு வோயேஜை முதலிலிருந்து கடைசிவரை தானே பார்ப்பார். சார்ட்டர் பார்ட்டி ரீகேப் (பேசி முடித்த ஒப்பந்தத்தின் சுருக்கம்) அவருக்கு வரும், எஸ்டிமேட் ஷீட்டும் வரும், எரிபொருளை எங்கே வாங்குவது என்று அவரே யோசனை சொல்வார், முடிந்ததும் எஸ்டிமேட்டுக்கும் உண்மைக்கும் என்ன வித்தியாசம் என்று டிரேடரோடு உட்கார்ந்து பார்ப்பார். வேறு சில இடங்களில் வேலையைத் துண்டு துண்டாக்கி, ஒருவர் நாள் முழுக்கத் துறைமுகச் செலவு பில்களை மட்டும் சரிபார்ப்பார், இன்னொருவர் நூன் ரிப்போர்ட்டை (கப்பலிலிருந்து தினமும் நண்பகலில் வரும் அறிக்கை) மென்பொருளில் ஏற்றுவார், ஃபிக்ஸ்சர் (கப்பலைப் பேசி முடித்த ஒப்பந்தம்) என்ன விலைக்கு நடந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. முதல் வகையில் மூன்று வருடம் இருந்தவரை டிரேடிங் மேசையே கேட்டு வாங்கும். இரண்டாம் வகையில் எட்டு வருடம் இருந்தாலும் பயோடேட்டாவில் வருடம் கூடும், வேலை தெரிந்திருக்காது. இரண்டுக்கும் கார்டில் ஒரே பதவிப் பெயர்தான் இருக்கும். ஆகவே மும்பை வேலை நல்லதா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், என்ன கேட்பது என்று கீழே எழுதுகிறேன்.

வேறு வாசல்களும் இருக்கின்றன. ஷிப் புரோக்கர் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தால் சந்தையின் பேச்சு சீக்கிரம் பழகும், ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் ஃபிக்ஸ்சர் முடிந்த பிறகு கப்பலில் என்ன நடக்கிறது என்பது கையில் படாமலே போகும். தூத்துக்குடியிலோ எண்ணூரிலோ காரைக்காலிலோ ஷிப் ஏஜென்சியில் போர்டிங் (வரும் கப்பலில் ஏறிப் பார்க்கும்) வேலை சம்பளத்தில் குறைவு, நேரம் காலம் கிடையாது, ஆனால் ஹோல்டு, டிராஃப்ட் சர்வே (கப்பல் அமிழும் ஆழத்தை வைத்துச் சரக்கை அளப்பது), ஸ்டீவடோர் (ஏற்றி இறக்குபவர்) எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். அங்கிருந்து வந்த ஆபரேட்டர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரக்கு வாங்கி விற்கும் பெரிய கம்பெனிகளின் டெமரேஜ் மேசை இன்னொரு வாசல், அங்கே எதிர்த்தரப்பின் வாதம் முழுவதும் தெரியவரும். தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் 1974 முதல் இருக்கிறது, ஹால்தியா, பாரதீப், விசாகப்பட்டினத்திலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அனல் மின் நிலைய நிலக்கரியை வாடகைக் கப்பல்களில் கொண்டுவந்த நிறுவனம். நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அதன் பெயர் கன்னியாகுமரி படகுக்குத்தான் ஞாபகம் வரும்! இப்படிப்பட்ட நிறுவனங்களின் டெண்டர் ஆவணங்கள் கையில் கிடைத்தால் படித்துப் பாருங்கள். கப்பல் எடுப்பதற்கான நிபந்தனைகள் எப்படி எழுதப்படுகின்றன என்பதற்கு நல்ல பயிற்சி.

படிப்பு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாராக இருக்கும். லண்டனின் இன்ஸ்டிடியூட் ஆஃப் சார்ட்டர்ட் ஷிப்புரோக்கர்ஸ், 1911இல் தொடங்கியது, நடத்தும் தேர்வுகளை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். டிரை கார்கோ சார்ட்டரிங், ஷிப்பிங் சட்டம் இரண்டு பாடமும் எங்கள் வேலைக்கு நேராக உதவுபவை. அது கையில் இருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள், வேலை தானாக வந்துவிடாது. சென்னையிலேயே இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தில் துறைமுகம், ஷிப்பிங், லாஜிஸ்டிக்ஸ் சார்ந்த எம்.பி.ஏ. இருக்கிறது, கையில் வேலை இல்லாதவருக்கு அது நல்ல வழி. உங்களுக்கு வேலை கையில் இருக்கிறது. கடன் வாங்கி வெளிநாட்டு எம்.எஸ்சி. இப்போது வேண்டாம் என்பேன். அந்தப் படிப்பு சொல்லித்தருவதில் பெரும்பகுதியை ஒரு நல்ல மேசை சம்பளம் கொடுத்தே சொல்லித்தரும். அந்த நாட்டில் வேலை விசா கிடைக்குமா என்பதைப் பொறுத்துத்தான் கடன் தீரும், அதைக் கல்லூரியால் உறுதி தர முடியாது. கரையில் வேலைக்கு யாராவது முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவற்றை நான் உறுதியாகச் சொல்வேன். இனி வருவது என் அனுமானம். ஆபரேஷன்ஸிலிருந்து சார்ட்டரிங்குக்கு மாற மூன்று முதல் ஐந்து வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சந்தை நன்றாக இருக்கும்போது இது சுருங்கும், மோசமான வருடத்தில் யாரும் புது ஆளை மேசையில் உட்கார வைக்க மாட்டார்கள். மும்பையிலிருந்து சிங்கப்பூர், துபாய் மாறுவது நடக்கிறது, ஆனால் விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். எஸ்டிமேட் போடுவது, லேடைம் கணக்கு இரண்டையும் மென்பொருள் விழுங்கிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தோன்றுவது, துண்டு வேலைகள் முதலில் போகும், கேப்டனோடும் ஏஜென்ட்டோடும் வாதாடத் தெரிந்தவர் இருப்பார். வேலையின் கனமும் கூடிக்கொண்டே போகிறது. ஐரோப்பியத் துறைமுகம் தொடும் கப்பல்களுக்கு 2024 முதல் கார்பன் கட்டணம் வந்துவிட்டது, அந்த வருட வெளியேற்றத்தில் 40 சதவீதத்துக்கு, 2025க்கு 70, 2026 முதல் முழுவதற்கும். அதை யார் கட்டுவது, உரிமையாளரா வாடகைக்காரரா என்ற ஷரத்தை வைத்து மெயில் பறக்கிறது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருக்கும் கப்பல், சரக்கு, வங்கி எதுவும் உள்ளே வந்துவிடாமல் பார்ப்பதும் இப்போது தினசரி வேலை.

வாழ்க்கை முறை பற்றியும் யோசியுங்கள். கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பிரேசிலில் ஏற்றும்போது நமக்கு நள்ளிரவு. வீட்டில் ஒரு கல்யாணம் என்றால்கூட ஃபோன் பாக்கெட்டில் இருக்கும். இது ஒத்துவராது என்று தோன்றினால் இப்போதே விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் டிரேடிங் மேசையிலும் இதுவே தொடரும், கூடவே நஷ்டத்தின் தூக்கமின்மையும் சேரும்.

மும்பைக்காரர்களிடம் பேசும்போது மூன்று விஷயத்தைக் கேளுங்கள். ஒரு ஆபரேட்டர் ஒரே சமயத்தில் எத்தனை கப்பல் பார்க்கிறார், தொடக்கம் முதல் முடிவு வரை அவரே பார்க்கிறாரா? பத்துப் பன்னிரண்டுக்குமேல் என்றால் தீயணைப்பதற்கே நேரம் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. எஸ்டிமேட்டும் ரீகேப்பும் ஆபரேட்டர் பார்வைக்கு வருமா? கடந்த சில வருடங்களில் ஆபரேஷன்ஸிலிருந்து சார்ட்டரிங்குப் போனவர் யாராவது இருக்கிறாரா, அவரோடு பத்து நிமிடம் பேச முடியுமா? மூன்றாவதற்கு மழுப்பினால் பதில் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். மூன்றும் நன்றாக இருந்தால், சம்பளம் இப்போது வாங்குவதே இருந்தாலும் போய்ச் சேருங்கள்.

சேருவதற்குள் இருக்கும் நோட்டீஸ் காலத்தில் ஜென்கான் 1994 (வோயேஜ் சார்ட்டருக்கு), என்.ஒய்.பி.இ. 1946 (டைம் சார்ட்டருக்கு) என்ற இரண்டு ஒப்பந்தப் படிவங்களின் மாதிரியைத் தேடி எடுத்து வரி வரியாகப் படியுங்கள். ஜென்கானுக்கு 2022இல் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, ஆனாலும் பழையதில் இன்னும் நிறைய ஃபிக்ஸ்சர் நடக்கிறது. படிக்கும்போது புரியாத ஷரத்துகளை இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை பதில் போடுகிறேன். மேலே போட்ட எண்ணூர்க் கணக்கை எக்செல்லில் நீங்களே ஒருமுறை போட்டு, எரிபொருள் விலையை 600லிருந்து 700 ஆக்கினால் டி.சி.இ. எங்கே போகிறது என்று பாருங்கள். என் நேர்காணல்களில் புதிதாக வருபவரிடம் நான் கொடுக்கும் முதல் கணக்கு ஏறக்குறைய இதுதான்.